செயலி பச்சை காட்டுகிறது... நான் குடிநோயாளியா?

மனநல மருத்துவர் பதில்

42 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில் இவருக்கு ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி அதிகமாக இருந்திருக்கிறது. "குடியைக் குறையுங்கள்" என்றார் மருத்துவர். அன்று இரவே குடியைக் கணக்கு வைக்கும் ஒரு செயலியை போனில் இறக்கிக்கொண்டார். முதல் மாதம் ஒவ்வொரு பெக்கையும் ஊற்றுவதற்கு முன்பே பதிவு செய்தார். எழுத வேண்டுமே என்ற நினைப்பிலேயே குடி குறைந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே வந்துவிட்டார். செயலியில் வாரத்துக்கு 14 என்று இலக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் இரண்டு, சனிக்கிழமை நான்கு. சரியாக 14. கட்டம் பச்சையாகவே இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை செயலியைத் திறப்பதில்லை டாக்டர், அன்று மட்டும் கணக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஒருநாள் காலை மேஜைமேல் இருந்த போன் ஒளிர, "நேற்று எத்தனை? பதிவு செய்யுங்கள்" என்று திரையில் வந்ததை மகள் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்பா, எதை எத்தனைன்னு கேக்குது?" என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து வீட்டில் பிரச்சினை. தன் போனிலும் அந்தக் கணக்கு தெரிய வேண்டும் என்கிறார் மனைவி. இவர் மறுத்துவிட்டார். மனைவி பாட்டிலின் லேபிளில் பேனாவால் கோடு போட்டு வைத்தார். இவர் குடித்துவிட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி வைத்தார். மனைவிக்கு யாரோ ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லி, தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்றிருக்கிறார்கள்.

இவருடைய கேள்விகள்: செயலி 'குறைந்த ஆபத்து' என்று காட்டும்போது நான் குடிநோயாளி ஆவேனா? மனைவிக்குப் பாஸ்வேர்டு கொடுக்கத்தான் வேண்டுமா? இந்தத் தகவல் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் போகுமா? இரவு இரண்டரை மணிக்குள் ரத்தத்தில் மது பூஜ்யமாகிவிட்டது என்று செயலி காட்டுகிறது, காலையில் கார் ஓட்டலாமா?

கடிதத்தின் கடைசி வரிகளை மட்டும் அப்படியே தருகிறேன்: "அடுத்த திங்கள் முதல் ஒரே அடியாக நிறுத்தப் போகிறேன். காலையில் பல் தேய்க்கும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, மதியத்துக்குள் சரியாகிவிடும். போன மாதம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் ஒரு ராத்திரி குடிக்க முடியாதபோது வியர்த்துக் கொட்டியது, தூக்கமே வரவில்லை. நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?"

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும் பிறகு பார்ப்போம். கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வரிகள்தான் எனக்கு முதலில் முக்கியம்.

திங்கட்கிழமை தானாக நிறுத்தாதீர்கள்

காலைக் கை நடுக்கம், குடிக்காத இரவில் வியர்வை, தூக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அதை விலகல் அறிகுறி என்கிறோம். பல மாதங்கள், வருடங்களாக தினமும் மது உள்ளே போகும்போது மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது நரம்புகளை மந்தமாக்குவதால், அதை ஈடுகட்ட மூளை எப்போதும் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் அதிலிருந்து வருபவை.

கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு சில நாள் அவஸ்தையோடு அடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வருகிறது. இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, காய்ச்சல், கடுமையான படபடப்பு எல்லாம் சேர்ந்த 'டெலிரியம் டிரெமன்ஸ்' வருகிறது. அது உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆகாது என்று ஒரு கடிதத்தை மட்டும் பார்த்துச் சொல்லவும் முடியாது. எவ்வளவு குடிக்கிறீர்கள், முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, வேறு நோய்கள், மாத்திரைகள் இருக்கின்றனவா என்றெல்லாம் நேரில் பார்த்துத்தான் ஒரு மருத்துவர் முடிவு செய்ய முடியும்.

நிறுத்த வேண்டும் என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது. அதை மருத்துவரின் கண்காணிப்பில் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். நீண்ட நாள் குடிப்பவர்களின் உடலில் அது குறைந்திருக்கும். மிகவும் குறைந்தால் மூளையையே பாதிக்கும். பலருக்கு வீட்டில் இருந்தபடியே இதைச் செய்துவிட முடிகிறது, சிலரை மட்டுமே அட்மிட் செய்ய வேண்டியிருக்கும். தூக்கம் வரவில்லை என்று தெரிந்தவர்களிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மதுவோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அளவைக் கூட்டாதீர்கள், ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். அந்த இடைவெளி சில நாட்களைத் தாண்டக் கூடாது. வலிப்பு, பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள். அவருக்கு இப்போது அவசரமாகத் தெரிய வேண்டியது பாஸ்வேர்டைவிட இதுதான்.

உங்கள் 14 உண்மையில் எத்தனை?

இனி அந்தப் பச்சைக் கட்டத்துக்கு வருவோம். வாரத்துக்கு 14 யூனிட் என்பது பிரிட்டனில் 2016 முதல் உள்ள வழிகாட்டுதல். அதனால் உங்கள் செயலி பிரிட்டிஷ் அளவை வைத்துச் செய்யப்பட்டது என்று எண்ணுகிறேன். அங்கே ஒரு யூனிட் என்றால் 10 மில்லி, அதாவது சுமார் 8 கிராம் சுத்த ஆல்கஹால். செயலியில் இருக்கும் சிறிய விஸ்கி கிளாஸ் படத்தை நீங்கள் ஒருமுறை தட்டினால், 25 மில்லி விஸ்கி குடித்ததாக அது எடுத்துக்கொள்கிறது. 40 சதவீத விஸ்கியில் 25 மில்லி சரியாக ஒரு யூனிட்.

நீங்கள் ஊற்றுவது 60 மில்லி பெக் என்று கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். 60 மில்லியில் 40 சதவீதம் 24 மில்லி. அதாவது 2.4 யூனிட். நீங்கள் 14 முறை தட்டிய வாரத்தில் உள்ளே போனது 33.6 யூனிட். கிராமில் சொன்னால் 265 கிராமுக்குமேல். இதில் ஞாயிற்றுக்கிழமை சேரவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இந்தக் குழப்பம் மிகச் சாதாரணமாக எல்லாருக்கும் வருவதுதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' என்பதை 10 கிராம் என்கிறது, பிரிட்டன் யூனிட் 8 கிராம், அமெரிக்காவில் ஒரு டிரிங்க் 14 கிராம். எந்த நாட்டில் செய்த செயலியோ அந்த நாட்டின் அளவுதான் உள்ளே இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: மில்லியை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வழக்கமாக ஊற்றும் டம்ளரில், வழக்கமாக ஊற்றும் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியால் அளந்து பாருங்கள். கண்பார்வையில் ஊற்றுகிற 60 மில்லி பெரும்பாலும் 60 ஆக இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 14 என்பது ஆரோக்கியமான ஒருவருக்கான மேல்வரம்பு, அதுவும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் பரவலாகப் பிரித்து. கல்லீரல் நொதி ஏறியிருப்பவருக்கும் விலகல் அறிகுறி இருப்பவருக்கும் அது பொருந்தாது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவும் முழுப் பாதுகாப்பானது இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. பச்சை நிறம் என்றால் 'குடிக்கலாம்' என்று பொருள் இல்லை.

உங்கள் கார் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கும் என்று சொல்லும் செயலிகள் பெரும்பாலும் ஸ்வீடனைச் சேர்ந்த விட்மார்க் 1932-இல் வகுத்த சூத்திரத்தை ஒட்டியே கணக்கிடுகின்றன. நீங்கள் கொடுத்த எண், உங்கள் எடை, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்பவைதான் அதற்குத் தெரியும். 75 கிலோ எடையுள்ள ஆண் சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி நான்கு யூனிட் குடித்ததாகச் சொன்னால், இரண்டே கால் மணிக்கு பூஜ்யம் என்று சூத்திரம் சொல்லும். உண்மையில் உள்ளே போனது நான்கு 60 மில்லி பெக். அதே சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டால் பூஜ்யமாகக் காலை எட்டு மணி ஆகிறது. அதுவும் கல்லீரல் மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் 15 மில்லிகிராம் வீதம் கரைக்கும் என்ற சராசரியில். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆகவே குடித்த மறுநாள் காலை அந்தத் திரையை நம்பி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். மகளைப் பள்ளியில் விட நீங்கள்தான் போகிறீர்கள் என்றால், தற்போதைக்கு அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

நான் குடிநோயாளியா?

எண்ணிக்கை மட்டும் வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டின்படி நாங்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம். எப்போது, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதா? மற்ற பொறுப்புகளைவிடக் குடி முன்னால் வந்து நிற்கிறதா? உடல் பழகிப்போய் அதிகம் கேட்கிறதா, நிறுத்தினால் விலகல் அறிகுறி வருகிறதா? மூன்றில் இரண்டு இருந்து, அது நீடித்தால் மதுச் சார்பு நோய் என்கிறோம். உங்கள் கடிதத்தில் மூன்றாவது தெளிவாகத் தெரிகிறது. முதலாவதும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கோடு வரை தண்ணீர் ஊற்றி வைத்தது ஏன் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆனாலும் நோயின் பெயரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போவதற்கு முன், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகளுக்கு உண்மையான பதிலை எழுதி எடுத்துப் போங்கள். மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டாலே கவலைப்பட வேண்டும், 20-ஐத் தொட்டால் சார்பு நிலை இருக்க வாய்ப்பு அதிகம்.

குடிநோய் என்ற சொல் உங்களை உறுத்துவது எனக்குப் புரிகிறது. "வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், யாரையும் அடித்ததில்லை, கீழே விழுந்ததில்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் வேலையையும் குடும்பத்தையும் நன்றாகவே நடத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய். சிகிச்சை இருக்கிறது. நிறுத்திய பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார்.

செயலி உதவுமா, கெடுக்குமா?

இரண்டும் நடக்கும். நீங்களே இரண்டையும் அனுபவித்துவிட்டீர்கள். முதல் மாதம் எழுதியதாலேயே குறைந்தது. கைக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு நொடி யோசனை வந்தது, அதன் பலன் அது. கணினி, செல்போன் வழியாகத் தரப்படும் இப்படிப்பட்ட உதவிகளைப் பற்றிய 57 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில், பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 23 கிராம் குறைவாகக் குடித்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் உருவாக்கிய 'டிரிங்க் லெஸ்' செயலியை 5,600 பேரிடம் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில் அந்தச் செயலி பரிந்துரைக்கப்பட்டவர்களிடம், வெறும் இணையப் பக்கம் பரிந்துரைக்கப்பட்டவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 1 யூனிட் கூடுதலாகக் குறைந்திருந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். விடுபட்ட பதில்களை வேறு விதமாகக் கணக்கிட்டபோது வித்தியாசம் 2 யூனிட். பலன் இருக்கலாம், அளவு சிறியது. 33 யூனிட்டில் நிற்கும் உங்களுக்கு அந்த ஒன்றிரண்டு போதாது.

மறுபக்கமும் உண்டு. ஸ்வீடனில் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும் கல்லூரி மாணவர்களிடம், ரத்தத்தில் மது எவ்வளவு என்று காட்டும் 'புரோமில்லிகோல்' செயலியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: அதைப் பெற்ற ஆண்கள் வாரத்தில் குடிக்கும் தடவைகள் அதிகமாகிவிட்டன. எண் தெரிந்தால் எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்த்தார்கள், சிலருக்கு அந்த எண்ணே துணிச்சலைக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் சனிக்கிழமையும் அதே கதைதான். "நான்கு மிச்சம் இருக்கிறது" என்று திரை சொன்னதும், அன்று இரண்டோடு நிறுத்தியிருக்கக்கூடியவர் நான்கையும் முடித்தீர்கள். மிச்சம் காட்டுகிற செயலியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்தச் செயலிகளைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டால், மனிதர்கள் அவற்றோடு எத்தனை விதமாக உறவு வைத்துக்கொள்கிறார்கள் என்று புரியும். சிலருக்கு அது பயமில்லாமல் உண்மை பேசக் கிடைத்த முதல் ஆள். டாக்டரிடம் மூன்று என்பார்கள், செயலியில் ஐந்து இருக்கும். திட்டாது, முகம் சுளிக்காது, அதனால் சொல்ல முடிகிறது என்பார்கள். வேறு சிலர் அதனிடமே கூச்சப்படுகிறார்கள். அளவு மீறிய இரவில் எழுத மாட்டார்கள். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதும்போது ஒன்றிரண்டைக் குறைத்துவிடுவார்கள். சிவப்பு வந்துவிட்டால் அந்த வாரமே திறக்க மாட்டார்கள். "தப்புப் பண்ணின பையன் மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னவர் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். குடிக்காத நேரத்தில் "இன்று குடித்தீர்களா?" என்று நோட்டிஃபிகேஷன் வந்து, அதைப் பார்த்ததும் ஆசை கிளம்புகிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. அந்த நினைவூட்டலை நீங்களும் இன்றே நிறுத்திவிடுங்கள், உங்கள் மகளுக்காகவும்.

இதில் எனக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாகப் படுகிறது. மற்ற ஆறு நாட்களின் எண்களைவிட, எழுதாமல் விட்ட அந்த ஒரு நாள் உங்களைப் பற்றி அதிகம் சொல்கிறது. எட்டு மாதத்துப் பதிவையும் திறந்து, எங்கெல்லாம் வெற்றிடம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த நாட்களில் என்ன நடந்தது, யாரோடு பேச்சு முற்றியது, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்று ஞாபகம் வந்தவரை ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவருக்குப் பச்சைக் கட்டங்களைக் காட்டுவதைவிட அந்தத் தாளைக் காட்டினால் சிகிச்சைக்கு நிஜமாகவே உதவும்.

மனைவிக்குப் பாஸ்வேர்டு

கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் உடல்நலக் குறிப்பு உங்களுடையது. கொடுக்கவும் வேண்டாம் என்பதே என் யோசனை, ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. "என் பாக்கெட்டுக்குள்ளேயே வேவு பார்க்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவருக்கு நியாயம் செய்யாத வார்த்தை. பாட்டிலில் கோடு போடுகிறவர் வேவு பார்க்க ஆசைப்பட்டுப் போடவில்லை. உங்கள் வாயிலிருந்து உண்மை வராது என்று தெரிந்த பிறகு, பாட்டிலிடமாவது கேட்டுப் பார்க்கிறார். அதற்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். பாஸ்வேர்டு கொடுத்தால் இதே ஆட்டம் செயலிக்குள் நடக்கும்: அவர் பார்ப்பார் என்று தெரிந்ததும் நீங்கள் இன்னும் குறைத்து எழுதுவீர்கள். எழுதுவது அவருக்காக என்று ஆகிவிட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இராது.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், மகள் இல்லாத நேரத்தில், குடிக்காமல் இருக்கும்போது, நீங்களே போனைத் திறந்து அவரிடம் காட்டுங்கள், வெற்றிடங்களையும் சேர்த்து. பத்து நிமிடம் போதும். அப்போது அவர் திட்டக் கூடாது, நீங்கள் வாதாடக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதல் முறை பேசும்போது பாட்டில் தண்ணீரையும் காலைக் கை நடுக்கத்தையும் சொல்லிவிடுங்கள். நடுக்கத்தை அவர் ஏற்கெனவே கவனித்திருப்பார் என்பது என் கணிப்பு.

அவருக்கும் சில வார்த்தைகள். இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அம்மா, அவருக்குத் தெரியாமல் எந்த மாத்திரையையும் கலந்து கொடுக்காதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக டைசல்ஃபிரம். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். உயிர் போனதும் உண்டு. எல்லாம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்பவருக்கு மட்டும்தான் அது மருந்து. அவருடைய போனில் ரகசியமாகக் கண்காணிப்புச் செயலி போடுவதும் வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், வீட்டில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச நம்பிக்கையையும் அழித்துவிடும். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, அவரைக் காவல் காப்பதும் உங்கள் வேலை இல்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் இயங்கும் அல்-அனான் போன்ற குழுக்கள் இருக்கின்றன. அவர் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம், தனியாக ஓர் ஆலோசகரையும் பார்க்கலாம்.

தகவல் எங்கே போகும்?

உங்கள் பயம் வீணானது இல்லை. மதுச் சிகிச்சையை இணையத்தில் தரும் மானுமென்ட் என்ற அமெரிக்க நிறுவனம், ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டு, பயனாளிகளின் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குத் தந்ததாக அங்கே நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் நடவடிக்கை எடுத்தது. செயலியிடம் சொல்வது மருத்துவரிடம் சொல்வதற்குச் சமம் இல்லை. மருத்துவருக்கு ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. செயலியைக் கட்டுப்படுத்துவது நீங்கள் படிக்காமல் 'சம்மதம்' தட்டிய அந்த நீண்ட பக்கம்தான்.

கணக்கு தொடங்காமலே பயன்படுத்த முடிகிற, பதிவுகள் போனிலேயே தங்குகிற செயலியாகப் பாருங்கள். பெயர், அலுவலக இமெயில் கொடுக்காதீர்கள். தொடர்புகள், இருப்பிடம் போன்ற அனுமதிகளை நிறுத்துங்கள். செயலியை நீக்கினால் போனிலிருந்து மட்டும்தான் போகும், செயலி நிறுவனத்திடம் உள்ளதை அழிக்கத் தனியாகக் கேட்க வேண்டும். இலவசமாகத் தந்து விளம்பரம் காட்டுகிறது என்றால், குறிப்பாக மது விளம்பரமே வருகிறது என்றால், விட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் படிவத்தில் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதியது பின்னாளில் தெரிந்தால், பணம் தேவைப்படுகிற நேரத்தில் அதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமும் இதே வேலையைச் செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்திய பிறகு

செயலியின் உண்மையான பயன் அப்போதுதான் உங்களுக்குத் தொடங்கும் என்று நினைக்கிறேன். குடித்த பெக்கை எண்ணுவதை விட்டுவிட்டு, குடிக்கத் தோன்றிய நேரத்தைப் பதிவு செய்யுங்கள்: எத்தனை மணி, எங்கே, தனியாகவா, என்ன மனநிலை, பிறகு என்ன செய்தீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். வீடே தூங்கிய பிறகு தனியாக உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு ஆபத்தான நேரம் என்று கடிதத்தைப் படித்த எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சை முடித்து வெளியே வந்த 349 பேரிடம் 'ஏ-செஸ்' என்ற செயலியைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆசை எழும் நேரத்தில் ஆறுதலும் ஆலோசகர் தொடர்பும் தரும் செயலி அது. பெற்றவர்கள் மாதத்தில் அளவு மீறிக் குடித்த நாட்கள் சராசரியாக 1.39, பெறாதவர்களுக்கு 2.75. அங்கே செயலிக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பழைய இரண்டு பெக்குக்கே திரும்பி அதோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விலகல் அறிகுறி வரை போனவர்களுக்கு முழுமையாக விடுவதே பாதுகாப்பு. அளவோடு குடிக்க முயல்வதில் உங்களுக்கு எட்டு மாத அனுபவம் இருக்கிறது, அதன் முடிவு உங்கள் முன்னே இருக்கிறது. நடுவில் ஒருநாள் சறுக்கினால் செயலியை மூடி ஒளிக்காதீர்கள், எழுதிவிட்டு மறுநாளே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

திங்கட்கிழமையை வீணாக்க வேண்டாம். அன்று ஒரு மனநல மருத்துவரிடமோ குடிநோய் சிகிச்சைப் பிரிவிலோ நேரம் வாங்குங்கள். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல், ஆடிட் விடைகள், அந்த வெற்றிடத் தாள், டம்ளரை அளந்து பார்த்த எண் எல்லாம் கையில் இருக்கட்டும். "காலையில் கை நடுங்குகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மனைவி உடன் வர விரும்பினால் அழைத்துப் போங்கள். பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.